கலங்கித் தெளிந்த உள்ளம்: உ.வே.சாமிநாதையர் வாழ்க்கையில் ஒரு நோக்கு

மகாமகோபாத்தியாயர் உ.வே.சாமிநாதையரின் திருப்பெயர் தமிழ்ச் சமணர் இல்லங்களில் நன்றியுடன் வழங்கிவரும் பெயர்களுள் ஒன்று. திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் 1887ஆம் ஆண்டு அச்சேற்றி உலகுக்கு அளித்தவர் என்ற அளவில் நம் வீட்டுச் சிறுவர்களும் அவரை அறிவர். அவர் தேடிய ஏடுகளைப் பற்றியும் பதிப்பித்த நூல்களைப் பற்றியும் எழுதியவர் பலர். இக்கட்டுரை அவ்வழியே செல்லவில்லை. எண்பத்தேழு ஆண்டு வாழ்ந்த அப்பெரியாருக்குத் துன்பம் வந்தபோது உள்ளம் எவ்வாறு இருந்தது, அக்கலக்கத்திலிருந்து அவர் எவ்வாறு மீண்டார் என்பதையே காண முயல்கிறது.

மனநலம் என்னும் சொல் இக்காலத்தில் பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் மிகுதியாக வழங்குகிறது. மனம் கலங்காதிருப்பதே மனநலம் என்று பலர் எண்ணுகின்றனர். அங்ஙனமாயின் ஐயருக்கு அது வாய்த்திருந்தது என்று கூறுதல் இயலாது. அவர் பலமுறை கலங்கினார், அழுதார், உறக்கமின்றி இரவைக் கழித்தார். இவற்றை அவர் தம் வரலாற்றில் மறைக்கவும் இல்லை. கலங்கிய நீர் தெளிவது போலத் தெளிவதற்குரிய வழிகளை அவர் அறிந்திருந்தார் என்பதே நாம் நோக்கத்தக்கது.

ஐயரின் கதையை உடையார்பாளையத்திலிருந்து தொடங்குதல் பொருந்தும். இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள அவ்வூர் முற்காலத்தில் அடர்ந்த காடு சூழ்ந்த பாளையமாக இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் படையெடுப்புக்கு அஞ்சிய காஞ்சிபுரத்தார் தம் வரதராசப் பெருமாள் திருமேனியை எடுத்துச் சென்று மறைத்து வைத்தது உடையார்பாளையத்துக் காட்டிலேயே. 1710ஆம் ஆண்டில்தான் அது காஞ்சிக்குத் திரும்பியது. இங்ஙனம் அடைக்கலம் அளித்த ஊர் பிற்காலத்தில் வித்துவான்களுக்கும் புகலிடமாயிற்று. கச்சி என்னும் பட்டப்பெயர் தாங்கிய அதன் ஜமீன்தார்கள் இசையிலும் தமிழிலும் ஈடுபாடு மிக்கவர்கள்.

அச்சமஸ்தானத்தில் விளங்கியவர் கனம் கிருஷ்ணையர். அரியலூரை அடுத்த திருக்குன்றத்தைச் சேர்ந்தவர். கன மார்க்கம் என்னும் அரிய பாடுமுறையில் தேர்ந்தவர். ஐயரின் குடும்பத்துக்கு உறவினர். ஐயரின் தந்தையார் வேங்கடசுப்பையர் அவரிடம் குருகுலவாசம் செய்து இசை பயின்றார். கிருஷ்ணையரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். ஒருமுறை ஜமீன்தார் ஏதோ வேலையில் ஆழ்ந்து சில நாட்கள் அவரைப் பாராமல் இருந்துவிட்டார். வித்துவானுக்கு மனவருத்தம் உண்டாயிற்று. அவர் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போகவில்லை. உள்ளே புழுங்கிக்கொண்டும் இருக்கவில்லை. தலைவனால் மறக்கப்பட்ட தலைவியின் கூற்றாக ஒரு பதம் இயற்றிப் பாடினார். கேட்ட ஜமீன்தார் குறிப்பை உணர்ந்து தம் பிழைக்கு வருந்தி அவரை முன்போலவே ஆதரித்தார். வருத்தத்தை விழுங்குவது ஒரு தீங்கு. அதனைச் சினமாக்கிப் பிறர்மேல் எறிவது மற்றொரு தீங்கு. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு என்பதை அவ்வித்துவான் தம் கலையாலேயே காட்டிவிட்டார். ஐயர் பிறப்பதற்கு முன்பே கிருஷ்ணையர் மறைந்துவிட்டார். ஆயினும் தந்தையார் வாயிலாக அவர் பாடல்களும் கதைகளும் ஐயரின் இளமையில் நிறைந்திருந்தன. தம் எண்பதாம் வயதுக்குப் பின் அவரைப் பற்றி ஐயர் தனிநூலே எழுதினார்.

ஐயர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் தாயார் சரசுவதி அம்மாளின் பிறந்தகமாகிய சூரியமூலையில் பிறந்தார். சொந்த ஊர் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம். வேங்கடராமன் என்பது இயற்பெயர். வீட்டில் சாமா என்று அழைத்தனர். தந்தையாருக்கு இராமாயணப் பிரசங்கமும் இசையுமே சீவனம். எந்த ஊரில் ஆதரவு கிடைக்கிறதோ அந்த ஊருக்குக் குடும்பம் பெயரும். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் ஊர்களிலேயே சிறுவனின் காலம் கழிந்தது. ஓராண்டில் ஓரிடம், மறு ஆண்டில் வேறிடம். நிலையான வீடும் நிலையான பள்ளிக்கூடமும் இல்லாத இவ்வாழ்க்கை ஒரு குழந்தையின் மனத்தை வாட்டக்கூடியதே. எனினும் சென்ற ஊர்களிலெல்லாம் இவர்களைத் தம்மவராக ஏற்றுக்கொண்டவர்கள் இருந்தார்கள். நெல்லும் பருப்பும் கொடுத்தவர்கள், வீடு ஒழித்துக் கொடுத்தவர்கள், பையனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்கள் என்று ஒவ்வோர் ஊரிலும் சிலரை ஐயர் தம் முதுமையில் பெயர் சொல்லி நினைவு கூர்கிறார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். வறுமை அக்குடும்பத்தை விட்டு நீங்கவில்லை. தனிமையோ அவர்களை அணுகவில்லை. இன்று நிலை பெரும்பாலும் மாறியிருக்கிறது. வீடு நிலையாக இருக்கிறது. அடுத்த வீட்டார் பெயர் தெரிவதில்லை.

தந்தையாருக்கு மகன் சங்கீதத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்பதே விருப்பம். மகனுக்கோ தமிழில்தான் பித்து. இவ்விருப்ப வேறுபாடு எத்தனையோ குடும்பங்களில் பெரும்பகையாக முடிவதைக் காண்கிறோம். வேங்கடசுப்பையர் மனம் வருந்தினாலும் மகனின் நாட்டத்தை நசுக்கவில்லை. செங்கணத்தில் காரிகை கற்பித்த விருத்தாசல ரெட்டியார், இப்பையனுக்கு இனி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களே ஆசிரியராதல் தகும் என்று கூறியபோது, கையில் பொருளில்லாத அத்தந்தை மகனை அழைத்துக்கொண்டு மாயூரத்துக்கே புறப்பட்டுவிட்டார். அது 1871ஆம் ஆண்டு. ஐயருக்கு அப்போது மாளாபுரத்து மதுராம்பாளுடன் மணமாகி மூன்றாண்டு ஆகியிருந்தது.

மாயூரத்தில் முதல் நாட்கள் இனிமையாகக் கழியவில்லை. பிள்ளையவர்கள் தாமே பாடஞ்சொல்லத் தொடங்காமல் தம் மாணாக்கர் சவேரிநாத பிள்ளையிடம் பயிலுமாறு செய்தார். பெருமழையை எதிர்பார்த்து வந்தவனுக்குத் தூறல் கிடைத்தது போன்ற ஏமாற்றம். தந்தையாரும் ஊர் திரும்பிவிட்டார். பெற்றோரைப் பிரிந்தறியாத பதினாறு வயதுப் பிள்ளை அயலூரில் தனித்திருந்தான். அவ்வேக்கத்தை ஐயர் ஆசிரியர்மேல் குறையாக வளர்த்துக்கொள்ளவில்லை. தக்க சமயம் பார்த்துத் தம் ஆவலைப் பணிவுடன் தெரிவித்தார். பிள்ளையவர்களும் தாமே பாடஞ்சொல்லத் தொடங்கினார். பிறகு ஆசிரியர் அவர்மேல் கொண்ட அன்பு பெற்றோர் அன்புக்குக் குறைந்ததாக இல்லை. சாமிநாதன் என்னும் பெயரும் அவர் விருப்பத்தால் நிலைத்ததே. கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பயின்றுவந்த இசையை ஆசிரியருக்கு விருப்பமில்லை என்றறிந்து அவர் நிறுத்திவிட்டார் என்பதும் இக்காலத்துச் செய்தி. இதில் எனக்குச் சற்று மனக்குறை உண்டு. உடையார்பாளையத்திலிருந்து வந்த ஓர் இசை மரபு அங்கே ஒரு தலைமுறையோடு அறுந்தது. ஐயர் அவ்விழப்பை நெஞ்சில் சுமந்து திரிந்ததாகத் தெரியவில்லை.

அந்நாட்களில் அவருக்கு அம்மை கண்டது. பாடம் நின்றது, தாயார் ஊருக்கு அவரை எடுத்துச் சென்றனர். உடல் நோயினும் மற்றவர்கள் முன்னே போய்விடுவார்களே என்ற கவலையே அவரை மிகுதியாக வருத்தியது. தேர்வுக் காலத்தில் காய்ச்சல் கண்ட நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டால் அவர் நிலை விளங்கும்.

1876ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் காலமானார். இறுதி வேளையில் ஒரு பக்கம் சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கியிருக்க, ஐயர் அருகிருந்து திருவாசகம் படித்தார். இருபத்தோராம் வயதை எட்டிக்கொண்டிருந்த அவருக்கு அவ்விழப்பு உலகமே இருண்டதாகத் தோன்றச் செய்தது. இத்துயரிலிருந்து அவர் எப்படி மீண்டார் என்பது சிந்திக்கத்தக்கது. ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரைத் தனியே விடவில்லை. தம்மிடமே பாடங்கேட்கச் செய்தார். இளையவர்களுக்குப் பாடஞ்சொல்லும் பொறுப்பையும் அளித்தார். துயருற்றவனுக்குத் தேறுதல் மொழிகளைக் குவித்துவிட்டு விலகிப்போவது எளிது. தேசிகர் ஒரு நாளை நிரப்பும் கடமையையும், தன்னை நம்பியிருக்கும் மாணாக்கர் சிலரையும், எவ்வேளையும் சென்று பேசத்தக்க ஒரு பெரியவராகத் தம்மையும் அளித்தார். துயரத்தின் கூர்மை மழுங்கிற்றே தவிர ஆசிரியர் நினைவு மழுங்கவில்லை. ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர், 1933, 1934ஆம் ஆண்டுகளில், பிள்ளையவர்களின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பாகமாக அவர் எழுதி வெளியிட்டார். இறந்தவரை மறந்துவிடுவதே தேறுதல் என்று நினைப்பவர்கள் அந்நூலைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். மறவாமலே தேறலாம்.

நம் ஆகமங்கள் அநித்தியம் முதலான பன்னிரு சிந்தனைகளைக் கூறுகின்றன. நிலையாமையை நாள்தோறும் எண்ணிப் பழகியவனுக்கும் பிரிவு வலிக்கும். அவ்வலி அவனை அடியோடு பெயர்த்துவிடாது. ஆனால் இங்கே ஒன்று சொல்லவேண்டும். உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் பற்றின்மை, உயிர் வாழ்வில் வெறுப்பு ஆகியவை வாரக்கணக்கில் நீங்காமல் நின்றால் அது வெறும் துக்கம் அன்று, நோய். அதற்கு மருத்துவரை நாடுவது தவத்துக்கும் விரதத்துக்கும் குறைவாகாது. நம் குடும்பங்களில் அதனை வினைப்பயன் என்று சொல்லி மூடிவைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. காய்ச்சலுக்கு மருந்துண்பதை வினைப்பயன் தடுப்பதில்லை. அரசின் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார், பிள்ளையவர்களின் மூத்த மாணாக்கர். தாம் ஓய்வு பெற்றபோது அவ்விடத்துக்கு ஐயரைப் பரிந்துரைத்து 1880ஆம் ஆண்டு அமரச் செய்தார். மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். வறுமையில் வளர்ந்த குடும்பத்துக்கு அது பெருஞ்செல்வம். இளமையிலேயே புகழும் வந்தது. இந்நிலையில்தான் அவர் வாழ்வின் பெருந்திருப்பம் நிகழ்ந்தது. அது ஒரு பாராட்டாக வரவில்லை. ஓர் அவமதிப்புப் போலவே வந்தது.

அரியலூரிலிருந்து சேலம் இராமசுவாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்தார். 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், வியாழக்கிழமை, ஐயர் அவரைக் காணச் சென்றார். யாரிடம் படித்தார் என்று முதலியார் கேட்டார். ஆசிரியர் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்த ஐயருக்கு ஏமாற்றமே கிடைத்தது. என்னென்ன படித்திருக்கிறார் என்று அடுத்த வினா. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை, உலா, புராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். கற்ற நூற்பெயர்களைச் சொல்லி முடிக்கவே நெடுநேரமாயிற்று. முதலியார் சிறிதும் வியக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை.

இருபத்தைந்து வயதுக் கல்லூரிப் பண்டிதர், ஊரார் மதிக்கும் வித்துவான், தாம் வாழ்நாளெல்லாம் கற்றது போதாது என்று ஓர் அதிகாரியின் வாயிலாகக் கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார். அக்காட்சியை நினைத்துப் பாருங்கள். அவருக்குச் சினம் வந்திருக்கலாம். உத்தியோகச் செருக்கால் பேசுகிறார் என்று முதலியாரை இகழ்ந்திருக்கலாம். அதன்பின் அவ்வீட்டுப் பக்கமே போகாமல் இருந்திருக்கலாம். நம்மில் பலர் அவ்வாறே செய்வோம், செய்தும் இருக்கிறோம். குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் மானம் நுண்ணியது. கற்றவனிடத்தில் அது கல்வியின் உருவிலேயே ஒளிந்திருக்கும். ஐயருக்கு மனம் வருந்தியது உண்மை. ஆனால் அவ்வருத்தம் சொன்னவர்மேல் திரும்பாமல் சொல்லப்பட்ட பொருளை நோக்கித் திரும்பியது. தமக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதனை அறியவேண்டும் என்று மட்டும் எண்ணினார். மீண்டும் முதலியாரிடம் சென்றார். அவர் கொடுத்த சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுக்கொண்டார். தசலக்ஷணத்தில் உத்தம மார்த்தவம் என்று நாம் போற்றும் பண்புக்கு ஒரு வாழும் எடுத்துக்காட்டு வேண்டுவோர்க்கு அந்த வாரத்து ஐயரைக் காட்டலாம் என்பது என் எண்ணம்.

படிக்கத் தொடங்கியதும் வேறொரு கலக்கம் பிறந்தது. சொற்கள் தெரிந்தன, பொருள் விளங்கவில்லை. சைவ மடத்தில் வளர்ந்த அவருக்குச் சமண சமயக் கோட்பாடுகளும் பெயர்களும் புதியவை. மடத்திலிருந்து சுப்பிரமணிய தேசிகர் அன்புடன் பிரதி கொடுத்து உதவினார். ஆனால் பொருள் சொல்லுவார் அங்கே இல்லை. இந்நிலையில் கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்கிறார்கள் என்றும் அவர்கள் சிந்தாமணியைப் படித்து வருகிறார்கள் என்றும் ஒருவர் தெரிவித்தார். ஐயர் அவ்வில்லம் தேடிச் சென்றபோது வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது, கோலம் இட்டிருந்தது. ஏதேனும் விசேடமோ என்று கேட்டார். பல மாதங்களாக அங்கே நடைபெற்றுவந்த சிந்தாமணிப் பாராயணம் அன்று நிறைவெய்தியது என்று விடை வந்தது.

இந்நிகழ்ச்சியைச் சமணர் இல்லத்தில் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்வதுண்டு. எந்த நூலைப் படித்துச் சொல்லுவார் உலகில் இல்லை என்று அவர் மனம் சோர்ந்திருந்தாரோ, அதற்கு ஒரு வீட்டில் விழாவே நடந்துகொண்டிருந்தது. அவர் வியப்பையும் மகிழ்ச்சியையும் ஒருங்கே அடைந்தார். சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்கள் அவரை வேற்றவராகக் கருதவில்லை. கேட்ட ஐயங்களுக்கு அலுப்பின்றி விடை சொன்னார்கள். வீடூர் அப்பாசாமி நயினார் போன்ற கற்றவர்களோடும் பழக்கம் உண்டாயிற்று. சமணப் பெண்மணிகளும் சமயநுட்பங்களில் தேர்ந்திருந்தமை அவரை வியக்கச் செய்தது. அவர் சமணக் கருத்துகளை எளிதிற் பற்றிக்கொள்வதைக் கண்டு அக்குழாத்தார் அவரைப் பவ்ய ஜீவன் என்று கருதி மகிழ்ந்தனர். வீடுபேற்றுக்குரிய தகுதி வாய்ந்த ஆன்மா என்பது அதன் பொருள் என்று அறிந்தபோது அவருக்கு உண்டான இன்பத்தை அவரே எழுதியுள்ளார். சைவப் பற்றை அவர் விடவில்லை. அன்பர்களும் விடச் சொல்லவில்லை. வேறுபட்ட நம்பிக்கையுடையார் ஒரு திண்ணையில் அமர்ந்து ஒரு நூலை மாலைதோறும் படித்தனர். அநேகாந்தம் பற்றி நாம் மேடையில் பேசுவது அங்கே பேச்சில்லாமல் நடந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கும் துணிவு ஒருவனுக்கு இருந்தால் அவன் கவலையில் பாதி அப்போதே நீங்கிவிடுகிறது.

மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களையுடைய அந்நூலைப் பல ஏடுகளோடு ஒப்பிட்டுப் பாடம் கண்டு பதிப்பிக்க ஏழாண்டு பிடித்தது. அக்காலத்தில் அவர்பட்ட அல்லல்களை எல்லாம் இங்கே விரிக்கவில்லை. ஒன்று மட்டும் கூறலாம். ஏற்கெனவே பதிப்பாளராகப் புகழ்பெற்றிருந்த யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை கும்பகோணத்தில் வந்து தங்கியிருந்தார். சிந்தாமணியைத் தாமே பதிப்பிப்பதாகவும் தொகுத்தவற்றைத் தம்மிடம் தருமாறும் அவர் கேட்டார். பெரியவர், மதிக்கத்தக்கவர், மறுத்தால் வருந்துவார். கொடுத்தால் தம் உழைப்பும் ஆசையும் போய்விடும். பெரியோர் முன் இல்லை என்று சொல்லத் தெரியாமல் தவித்த அந்நாட்கள் ஐயருக்கு மிகவும் கொடியவை. இறுதியில் அவர் பணிவு குன்றாமல் மறுத்துவிட்டார். இருவருக்கும் இருந்த நட்பு அதனால் முறிந்துபோகவும் இல்லை. பிறர் மனம் நோகுமே என்று தம்மால் இயலாததற்கெல்லாம் இசைந்து, பின் உள்ளே வெந்துகொண்டிருப்பவர்கள் நம்மிடையே மிகப் பலர். பெண்கள் அதிலும் பலர். இல்லை என்பதை அன்போடு சொல்லவும் ஒரு பழக்கம் வேண்டியிருக்கிறது.

1887ஆம் ஆண்டு சிந்தாமணி வெளிவந்தது. பாராட்டோடு கண்டனமும் வந்தது. சிலர் பிழைகளைப் பெருக்கிக் காட்டித் துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டனர். சைவர் ஒருவர் சமண நூலைப் பதிப்பித்ததே குற்றம் என்று முணுமுணுத்தவர்களும் இருந்தனர். ஏழாண்டு உறக்கம் துறந்து செய்த செயலுக்குக் கிடைத்த இக்கைம்மாறு அவரைப் பெரிதும் புண்படுத்தியது. மறுப்பு எழுதவும் முனைந்தார். கல்லூரியில் உடனிருந்த சாது சேஷையர் அதைத் தடுத்தார். மறுப்புக்கு மறுப்பு என்று இது நீளும். அவ்வளவு நேரமும் அடுத்த நூலுக்கு உரிய நேரம் என்பது அவர் அறிவுரையின் சாரம். ஐயர் அதனை ஏற்றார். அன்று முதல் பழிப்புரைகளுக்கு விடையெழுதுவதை விட்டு வேலையில் ஈடுபட்டார். கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, யாரோ எழுதிய ஒரு வரிக்கு இரவு இரண்டு மணிவரை விடை தட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு சாது சேஷையர் அருகில் இருப்பது நல்லது. உத்தம க்ஷமை பிறருக்கு நாம் வழங்கும் கொடை என்றே எண்ணுகிறோம். ஐயருக்கு அதனால் கிடைத்த ஆதாயம் இரண்டே ஆண்டில் வெளிவந்த பத்துப்பாட்டு.

அவ்விரண்டு ஆண்டும் அமைதியாகக் கழிந்தன என்று நினைத்துவிடலாகாது. 1888ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சில நாட்களே இடைவிட்டுச் சுப்பிரமணிய தேசிகரும் தியாகராச செட்டியாரும் மறைந்தனர். ஒருவர் தந்தை போன்றவர்; மற்றவர் தமக்குச் சோறிட்ட வேலையைத் தேடித் தந்தவர். 1892இல் இராமசுவாமி முதலியாரும் காலமானார். ஐயர் ஒவ்வொரு முறையும் உடைந்துபோனார். ஒவ்வொரு முறையும் ஏட்டுக்கட்டை அவிழ்த்துக்கொண்டு மீண்டும் உட்கார்ந்தார். 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. பிற்காலத்தில் சென்னைத் திருவேட்டீசுவரன்பேட்டையில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். வாயிலைக் கடக்கும்தோறும் நன்றி நினைவு வரவேண்டும் என்று எண்ணினார் போலும்.

ஏடு தேடிச் சென்ற ஊர்களில் அவர் கண்டவற்றுள் சில எவரையும் மனமுடையச் செய்யும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய சுவடிகள் நெருப்பில் இடப்பட்டன என்று கேட்டு அவர் துடித்தார். போனதை எண்ணி அங்கேயே நின்றிருந்தால் இருந்தவையும் கரையானுக்கு இரையாகியிருக்கும். அவர் அடுத்த ஊருக்கு வண்டி கட்டினார்.

1903ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று 1919 வரை பணியாற்றினார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் வந்தன. இளமையில் இராமசுவாமி முதலியார் முன் நின்ற நினைவு அவருக்கு மறையவே இல்லை. பட்டங்களைப் பற்றி எழுதியதைவிட அந்தக் காலை நேரத்தைப் பற்றி அவர் விரிவாக எழுதியிருக்கிறார்.

முதுமையில் அவர் மேற்கொண்ட மற்றொரு செயலையும் குறிப்பிடவேண்டும். 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை வாரந்தோறும் எழுதி வந்தார். எண்பத்தைந்து வயதில் தம் வாழ்நாளைத் திரும்பிப் பார்த்து, யார் யார் தமக்கு நன்மை செய்தார்கள் என்று தேடித்தேடி எழுதினார். அரியலூரிலும் குன்னத்திலும் ஒருவேளை உணவளித்தவர்கள்கூட அதில் விடுபடவில்லை. தமக்குத் தீங்கு செய்தவர்கள் சிலரைப் பெயர் கூறாமலே விட்டார். நாள்முடிவில் அமர்ந்து அன்றைய நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்து, பிழைக்கு வருந்திப் பகையை விடும் பிரதிக்கிரமணம் நம் ஒழுக்கத்தில் உண்டு. ஐயர் அச்சொல்லை எண்ணியிருக்கமாட்டார். ஆனால் ஒரு வாழ்நாள் முழுமைக்கும் அதனைச் செய்தது போலவே அந்நூல் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் ஊரூராய்ப் பெயர்ந்தனர். ஐயரும் 1942இல் திருக்கழுக்குன்றத்துக்குச் சென்று தங்கினார். இளமையில் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை, முதுமையில் மற்றொரு முறை வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார். அங்கே ஏப்ரல் 28ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. விகடனில் வெளிவந்துகொண்டிருந்த வரலாறு நூற்றிருபத்திரண்டாம் அத்தியாயத்தோடு, மணிமேகலைப் பதிப்புக் காலத்துச் செய்திகளைச் சொல்லும் இடத்தில், நின்றுவிட்டது.